உங்களுக்குத் தெரியுமா? பால்குடிப் பிள்ளை இருக்கும் வீடு

● பிறந்த பிள்ளை முதல் சில நாட்களில் நிறை குறையும். பிறந்தபோது இருந்ததில் 7 வீதம், சில பிள்ளைகளுக்கு 10 வீதம் வரைகூடக் குறைந்து, பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் பழைய நிறைக்குத் திரும்பிவிடும். இது நோயல்ல, பட்டினியும் அல்ல. ஆனால் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டித் தாயும் பிள்ளையும் உடுவிலுக்கு வந்து சேர்வதும், நெருங்கின சொந்தம் பிள்ளை பார்க்க வருவதும் சரியாக அந்த நாட்களில்தான். வந்தவர் ஏணையை விலக்கிப் பார்ப்பார். "பிள்ளை வாடிப்போச்சு, பால் காணாது போல" என்று ஒரு சொல் சொல்வார். அவர் தேத்தண்ணி குடித்துப் போய்விடுவார். அந்தச் சொல் போகாது. அடுத்த நாள் சுன்னாகச் சந்தைப் பக்கம் போகிறவர் ஒரு பால்மா ரின்னோடு திரும்பி வருவார்.

● அந்த ரின் வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும்? பாலை உண்டாக்குவது புரோலக்டின், உண்டான பாலை இறக்குவது ஒக்சிடோசின். இரண்டையும் தூண்டுவது பிள்ளை உறிஞ்சுவதுதான். சூப்பிப் போத்தலில் வயிறு நிறைந்த பிள்ளை தாயிடம் குறைவாக உறிஞ்சும். உறிஞ்சல் குறைந்தால் சுரப்பும் குறையும். "பால் காணாது" என்று பொய்யாகத் தொடங்கியது ஒரு கிழமைக்குள் மெய்யாகிவிடும். போதாததற்கு, பயமும் வெட்கமும் நோவும் ஒக்சிடோசினைத் தடுக்கக்கூடியவை. மார்பில் பால் இருக்கும், இறங்காது. அழுதுகொண்டிருக்கும் தாய்க்குப் பால் இறங்கச் சுணங்குவதற்குக் காரணம் இதுதான். அவளைச் சுற்றி நிற்பவர்களின் வாய் எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள்.

● பால் காணுமா காணாதா என்பதை அறியக் கண் மட்டம் போதாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது பிள்ளை சிறுநீர் கழிக்கிறதா? கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு மேலே ஏறுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பால் காணும்.

● முதல் நாள் முழுவதும் ஒரு தாய்க்குச் சுரக்கும் சீம்பால் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர்தான். பிள்ளைக்கு அது போதும். மஞ்சளாகத் தடித்திருக்கும் இந்தப் பாலைப் பீச்சி ஊற்றிவிட்டு, சீனித்தண்ணியும் தேனும் தொட்டு வைத்த காலமும் நம்மிடம் இருந்தது. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கவே கூடாது. பொட்டியூலிசம் என்ற நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். பெரியவர் குடல் அதைத் தாங்கும், பச்சைக் குழந்தையின் குடல் தாங்காது.

● 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 90 வீதம் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் குடித்துவிடுகின்றன. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கின்றன. 2020இல் தாய்ப்பாலூட்டல் கொள்கைகளை நாடுநாடாக மதிப்பிடும் உலக அமைப்பு 97 நாடுகளைப் பார்த்தது. பச்சை நிறத் தரம் பெற்ற ஒரே நாடு இலங்கை, 100க்கு 91 புள்ளி. கிரிக்கெட் வெற்றி என்றால் வெடி கொளுத்தியிருப்போம்.

● அந்த 91 புள்ளியில் பெரும்பங்கு, சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் ஒழுங்கை ஒழுங்கையாக வரும் குடும்பநல உத்தியோகத்தருடையது. ஊரில் இன்றும் மிட்வைஃப் என்றால்தான் விளங்கும். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டதிலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு இது. ஒருவருக்கு ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட பகுதி. உடுவில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழும் இதே முறைதான். பிள்ளை பிறந்து முதல் 10 நாளுக்குள் இரண்டு முறை, பிறகு 14க்கும் 21க்கும் இடையில் ஒரு முறை, 42ஆம் நாளளவில் ஒரு முறை அவர் வீடு தேடி வர வேண்டும். காசு இல்லை, வரிசை இல்லை, நேரம் பதியத் தேவையில்லை. மேற்கத்திய நாடுகளில் இதே வேலையைச் செய்யும் தனியார் ஆலோசகர்களுக்கு மணித்தியாலக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். கேற்றைத் தட்டும் அவருக்கு "எல்லாம் சரி, பிரச்சினை ஒண்டுமில்லை" என்று வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பும் வீடுகளும் இருக்கின்றன. உள்ளே கூப்பிட்டு, பிள்ளை பால் குடிப்பதைப் பார்க்க விடுங்கள். முலைக்காம்பை மட்டும் கவ்வுகிறதா, அதைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வுகிறதா என்பதை அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். காம்பு வெடிப்பும் நோவும் பெரும்பாலும் அந்தக் கவ்வல் பிழையால்தான் வருகின்றன.

● நம் பக்கத்தில் பெண்களுக்கான மருத்துவத்தின் கதை பழையது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தவர். 1857இல் அவர் வெளியிட்ட 'பிரசவ வைத்தியம்' பிள்ளைப்பேறு பற்றியது. ஆனால் ஆண் வைத்தியரிடம் பிள்ளைப்பேற்றுக்குப் போக அந்தக் காலத்துப் பெண்கள் துணியவில்லை. புத்தகம் தமிழில் இருந்து என்ன, தொட்டுப் பார்ப்பவர் பெண்ணாக இருக்க வேண்டுமே! அந்தக் குறையைத் தீர்க்க அதே மிஷனைச் சேர்ந்த மேரி, மார்கரட் லீச் சகோதரிகள் கடல்கடந்து நிதி திரட்டினார்கள். 1898இல் உடுவிலுக்கு அடுத்த இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியொட் மருத்துவமனை எழுந்தது. இசபெல்லா கர் என்ற பெண் வைத்தியர் அங்கே நெடுங்காலம் பணி செய்தார். ஊர்ப் பெண்கள் தாதியராகவும் மருத்துவிச்சிகளாகவும் பயிற்சி பெற்றார்கள். வலிகாமத்தில் எத்தனையோ குடும்பங்களில் அப்பம்மாவும் அம்மம்மாவும் "இணுவில் ஆஸ்பத்திரியிலதான் பிறந்தனான்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதைத் தானே வாசித்து, மாமி சொல்வதற்கும் மிட்வைஃப் சொல்வதற்கும் இடையில் தானே முடிவெடுக்கும் தாய்க்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

● இனி, பலருக்குத் தெரியாத ஒன்று. உடுவில், இணுவில், சுன்னாகம், மருதனார்மடம் எல்லாம் செம்மண்ணும் அடியில் சுண்ணக்கல்லும். வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை என்று ஆண்டு முழுவதும் தோட்டம். போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாக மாறி, நீர்ப்பாய்ச்சலோடும் மாரி மழையோடும் இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பல அந்த எல்லையைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பெரியவர்களுக்கு இது உடனே தெரியாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு, அதுவும் அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மா குடிக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இந்த நோயை முதலில் கிணற்றுத் தண்ணீரோடு தொடர்புபடுத்தி எழுதியவர் ஹன்ரர் கோம்லி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விவசாய வீடுகளில் போத்தல் பால் குடித்த பிள்ளைகளைப் பார்த்து 1945இல் அவர் எழுதினார். அங்கேயும் தோட்டக்கரைக் கிணறுதான்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்போம். நைத்திரேற்று கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அது செறிந்து கூடும். துணியில் வடிப்பதாலும் பயனில்லை. அதே கிணற்றுத் தண்ணீரைத் தாய் குடித்தால்? தாயின் உடல் நைத்திரேற்றைப் பாலில் சேர்த்துக் குவிப்பதில்லை. பிள்ளைக்கும் கிணற்றுக்கும் இடையில் ஒரு வடிகட்டியாகத் தாயே நிற்கிறாள்.

சுன்னாகத்தில் மின்நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்தது வேறு கதை. அதற்காகத் தொடுத்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்நிலைய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எண்ணெய் மணந்தது, கண்ணுக்கும் தெரிந்தது, அதனால் ஊர் கொதித்தது. நைத்திரேற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

● சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் 87 வீதத்துக்கு மேல் தண்ணீர்தான்.

● உள்ளியை நிறையப் போட்ட பத்தியக்கறி வெறும் பழக்கமா? பிலடெல்பியாவில் ஜூலி மெனெல்லாவும் கேரி போஷாமும் 1991இல் ஒரு சோதனை செய்தார்கள். பாலூட்டும் தாய்மாருக்கு உள்ளிக் குளிசை கொடுத்தார்கள். இரண்டு மணித்தியாலமளவில் பாலில் உள்ளி மணம் ஏறியது. பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை. வழமையைவிடக் கூடிய நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள் அரைத்து, உள்ளி தட்டிப்போட்டு, பால்சுறாவோ திருக்கையோ இட்ட சரக்குக்கறியைத் தின்னும் உடுவில் தாயின் பிள்ளை, சோறு தீத்துவதற்கு மாதங்களுக்கு முன்பே நம் சமையலின் ருசியைப் பழகிவிடுகிறது.

சுறா வறையால் பால் பெருகும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. முருங்கையிலைக்குப் பிலிப்பைன்ஸில் நடந்த சிறிய ஆய்வுகள் ஓரளவு ஆதரவு தருகின்றன. ஆனால் எனக்கு ஒரு எண்ணம்: பத்தியக்கறியின் பெரும்பலன் கறியில் இல்லை, அதைச் சமைத்தவரில் இருக்கிறது. சரக்கு அரைக்க ஒருவர், வேது தண்ணி கொதிக்க வைக்க ஒருவர், துணி தோய்க்க ஒருவர் என்று இருந்தால் பச்சை உடம்புக்காரிக்குப் பாலூட்டுவதும் படுப்பதும் மட்டும்தான் வேலை. 31ஆம் நாள் துடக்குக் கழிவு வரை அடுப்படிப் பக்கம் அவளை விடாத பழக்கத்துக்கு மற்றக் காரணங்கள் என்னவாகவும் இருக்கட்டும், அது அவளுக்கு ஒரு மாத ஓய்வைப் பெற்றுத் தந்தது. அதே பத்தியத்தின் பெயரால் தண்ணீரைக் குறைப்பது மட்டும் கூடாது. பாலூட்டும் தாய் தாகத்துக்குக் குடிக்கத்தான் வேண்டும்.

● பிள்ளையை இழந்த தாய்க்குப் பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ கட்டும் வழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்னிந்தியாவில் இதை மருத்துவர்கள் சோதித்து 1988இல் வெளியிட்டார்கள். பால் வற்றச் செய்ய அந்நாளில் கொடுக்கப்பட்ட புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டபோது மல்லிகைப்பூவும் வேலை செய்தது. பாலூட்டும் தாய் தலையில் ஒரு முழம் பூ வைப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. சோதித்தது மார்பில் கட்டிய பூவை.

● 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குத் தப்ப வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. லட்சக்கணக்கான சனம், ஒடுங்கின பாதை, மழை. கைக்குழந்தையோடு நடந்தவர்களில் போத்தல் பால் பழக்கியவர்களுக்குச் சுடுதண்ணி வேண்டும், விறகு வேண்டும், கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், மாவும் வேண்டும். தாய்ப்பால் கொடுத்தவர்கள் நனைந்த சேலையால் மூடிக்கொண்டு நடந்தபடியே கொடுத்தார்கள்.

இடர் காலத்தில் உதவியாக வரும் பால்மாகூட வினையாகலாம். 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்தின் பின் நடந்த ஆய்வில், இலவசப் பால்மா பெற்ற பிள்ளைகளில் ஏறத்தாழ 25 வீதத்தினருக்கும், பெறாதவர்களில் 12 வீதத்தினருக்கும் வயிற்றோட்டம் இருந்தது. ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2022இல் நாடே பால்மாவுக்கு வரிசையில் நின்றதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

● பக்கத்து வீட்டுப் பெண் மருந்தைவிட வலியவள் என்பதற்கு எண்களே உண்டு. டாக்காவில் நடந்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. வைத்தியரும் அல்ல, தாதியும் அல்ல, அதே பகுதியில் வாழும், தாங்களும் பாலூட்டிய சாதாரணத் தாய்மாருக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். பிள்ளை பிறக்கு முன் இரண்டு முறை, பிறந்த பின் பல முறை, மொத்தம் 15 வருகை. ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள் அந்த வீடுகளில் 70 வீதம். அப்படி ஒருவரும் போகாத வீடுகளில் 6 வீதம்.

1956இல் அமெரிக்காவின் இல்லினோயில் ஏழு தாய்மார் கூடித் தொடங்கிய லா லேச்சே லீக்கின் கருத்தும் இதுவே. 1989இல் யுனிசெப்பும் உலக சுகாதார நிறுவனமும் மருத்துவமனைகளுக்கு வகுத்த பத்துப் படிகளில் பத்தாவது, வீடு திரும்பும் தாயை ஊரிலுள்ள ஆதரவுக் குழுவிடம் சேர்த்துவிடுவது. இலங்கையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் மூலம் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் அமைக்கப்படுவதும் இந்த வழியில்தான்.

● நமக்கு ஏன் இனிக் குழு வேண்டும், வீட்டில் அம்மம்மா இல்லையா என்று கேட்கலாம். இல்லை. பல வீடுகளில் அம்மம்மா ரொறன்ரோவில் மூத்த மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருக்கிறா. விசிற்றர் விசாவில் ஆறு மாதம். இங்கே இளைய மகள் வைபரில் பிள்ளையின் முகத்தைக் காட்டி, "அம்மா, இது பசியழுகையோ வயித்துக்குத்தோ" என்று கேட்கிறாள். நல்ல ஆலோசனை வரும், துணி தோய்க்கும் கை வராது. அங்கே மூத்தவளுக்கோ அம்மம்மா திரும்பிய நாளிலிருந்து ஒருவரும் இல்லை.

● 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வேலை செய்யும் தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. வேலையிடத்தில் பிள்ளை பராமரிப்பு வசதி இருந்தால் அரை மணித்தியாலம் வீதம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் வீதம். தனியார் துறையில் மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள் லீவு மட்டும் என்றிருந்த பாகுபாட்டை 2018இல் எடுத்துவிட்டு, எல்லாப் பிள்ளைக்கும் 84 நாள் என்றார்கள். அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள், பிறகு அரைச் சம்பளத்தோடு 84, சம்பளமின்றி இன்னும் 84. வெங்காயம் நடவும் புல்லுப் பிடுங்கவும் நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு நடைமுறையில் இதில் எதுவும் எட்டுவதில்லை.

அரச ஊழியரான தகப்பனுக்கு எத்தனை நாள்? மூன்று.

● வேலைக்குப் போகும் தாய் பாலைக் கையால் பீச்சி, மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். 25 பாகை வெப்பத்தில் நாலு மணித்தியாலம் தாங்கும். நம்மூர் வெயில் அதற்கு மேல் என்பதால் குளிர்சாதனப் பெட்டியே நல்லது, அங்கே நாலு நாள் வரை இருக்கும். சுடுதண்ணிக்குள் பாத்திரத்தை வைத்து இளஞ்சூடாக்க வேண்டும். அடுப்பில் நேரே வைக்கக் கூடாது.

● ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பையின் சயன் மருத்துவமனையில் தொடங்கியது. தொடங்கியவர் வைத்தியர் ஆர்மிடா பெர்னாண்டஸ். தமிழ்நாட்டில் 2015 ஓகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நம் பஸ் நிலையங்களிலும் சந்தைகளிலும் பாலூட்டும் தாய்க்கு ஒரு கதிரையும் ஒரு மறைப்பும் போட எவ்வளவு செலவாகும் என்று பிரதேச சபைக்காரர் கணக்குப் பார்க்கட்டும்.

● ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.3 வீதம் குறைகிறது. முப்பது நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வெளியான கணக்கு இது. பால் பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

● 1973 முதல் கிளினிக்குகளில் கொடுக்கப்படும் திரிபோஷா, பாலூட்டும் தாய்க்கும் ஆறு மாதம் வரை உரியது. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் வீட்டில் எல்லாருக்கும் கை நீளும். பக்கற் தாயின் பெயரில் வந்தது என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

● ஆறு மாதம் முடிந்ததும் கோயிலில் சோறு தீத்துகிறோம். பல் முளைத்ததும் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிறோம். "இனிப் பால் மறக்கடி" என்ற பேச்சும் அதோடு தொடங்கிவிடும். அவசரமில்லை. உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

● 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களின் விற்பனைக்கு ஒரு நியமக் கோவையை ஏற்றது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. அந்த ஒன்று அமெரிக்கா. இலங்கை 1980களின் தொடக்கத்திலேயே தனக்கென ஒரு நியமக் கோவையை ஏற்படுத்திக்கொண்டது. குழந்தைப் பால்மாவுக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது, ரின்னில் கொழுகொழுவென்ற குழந்தைப் படம் போடக் கூடாது. கொம்பனி செய்யக் கூடாது என்று தடுத்ததைச் சொந்தக்காரர் நாமே அன்பளிப்பாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

● எல்லாத் தாய்க்கும் பால் கொடுக்க முடிவதில்லை. நோய், மருந்து, குறைமாதப் பிள்ளை என்று வைத்தியர் காரணம் சொல்லிப் பால்மா எழுதிக் கொடுத்தால் அது மருந்து, அதைப் பற்றி வெளியார் கதைக்க ஒன்றுமில்லை. மற்றபடி, அடுத்த தரம் உடுவிலில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போகும்போது ரின்னை விட்டுவிட்டு ஒரு சட்டி பத்தியக்கறி கொண்டு போங்கள். கொடியில் காயும் துணியை மடித்து வையுங்கள். பால் காணுமோ என்று கேட்க வேண்டாம். தாய்க்கு நோவோ காய்ச்சலோ, ஓயாத அழுகையோ இருந்தால் அந்தப் பகுதி மிட்வைஃபுக்கு அன்றே சொல்லுங்கள். அவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் மட்டையில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.